மேகத்தைச் சுட்டவர்கள் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஹனோவர் ரயில் நிலையத்தில் வாசுகி என்னைக் கட்டிப்பிடித்து வரவேற்றபோது நான் கேட்ட முதல் கேள்வி, "ஹெல்கா வரச் சொல்லிட்டாங்களா?" என்பதுதான். பிரயாணம் சுகமா என்று விசாரிக்க வாயெடுத்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டது.

"ஓம் அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வரச்சொல்லி டெர்மின் தந்திருக்கிறா. முதல்ல வீட்டை போய்ச் சாப்பிடுவம், வாங்கோ," என்றாள்.

வாசுகி என் மகளின் தோழி. யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்த தாய் தகப்பனுக்கு ஹனோவரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். ஐம்பத்தொன்பது வயதுக்காரியை அக்கா என்று கூப்பிடுகிறாளே, அதற்காகவே அவளுக்கு என் சொத்தில் பாதியை எழுதி வைக்கலாம். மகள் தெற்கே கார்ஹிங் என்ற ஊரில் ஆராய்ச்சி செய்கிறாள். அவளைப் பார்க்க வருவதாகத்தான் விசாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அது பாதி உண்மை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மகளே, "அம்மா, உன் மைண்டே இங்க இல்ல. ப்ளீஸ், உன் ராக்கெட் லேடியப் பாத்துட்டு வந்துரு," என்று ரயிலேற்றி விட்டாள்.

நான் கோவில்பட்டிப் பக்கம் ஒரு விவசாயப் பண்ணையில் முப்பது வருஷம் மழை அளந்தவள். தினமும் காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுகுழாயில் ஊற்றிப் பார்த்து, அன்றைய தேதிக்கு நேரே எழுத வேண்டும். கரிசல் காட்டில் பெரும்பாலான நாள் எழுதுவது பூஜ்யம்தான். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல், மழையை வரவழைக்கவும் விரட்டவும் அரசாங்கங்கள் அடித்த கூத்துகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் சோஷலிச நாடுகளுக்கென்று ஒரு அத்தியாயம். பழைய கிழக்கு ஜெர்மனியில் மேகத்தை ராக்கெட்டால் சுட்ட ஒரு பெண்மணி உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

வாசுகியின் அம்மா புட்டும் மீன் குழம்பும் இடிசம்பலும் வைத்திருந்தார். நான் சாப்பிட்டதைவிடப் பேசியதுதான் அதிகம். காகசஸ் மலையடிவாரத்தில் திராட்சைத் தோட்டங்களை ஆலங்கட்டி மழையிலிருந்து காக்க மேகத்தைப் பீரங்கியால் சுட்டதைச் சொன்னேன். மாஸ்கோவில் அணிவகுப்பு நாளன்று மழை பெய்துவிடக் கூடாதென்று மேகங்களை ஊருக்கு வெளியிலேயே கறந்துவிட விமானம் அனுப்பியதைச் சொன்னேன். வடதுருவப் பனி மேல் கரித்தூளைத் தூவி உருக்கிவிடலாம் என்று போட்ட திட்டத்தையும் சொன்னேன்.

"விசர்க் கூட்டம்!" என்றாள் வாசுகி.

"அவசரப்படாதட்டி. பனி போனா என்ன ஆகும்னு கணக்குப் போடப் போன விஞ்ஞானிகதான், பனி போனா வெயிலத் திருப்பி அனுப்ப ஆளில்ல, பூமி இன்னும் சூடாகும்னு ரொம்ப முன்னாடியே எச்சரிச்சாங்க. விசரு பிடிச்ச கேள்வியில இருந்துதான் நல்ல பதில் வந்துச்சு," என்றேன்.

"இன்னும் கொஞ்சம் புட்டுப் போடுங்கோ," என்றார் அவள் அம்மா. அவருக்கு வடதுருவத்தைப் பற்றிக் கவலை இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஹெல்காவின் கிராமம் ஹார்ட்ஸ் மலையின் கிழக்குச் சரிவில், செர்ரித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. வாசலிலேயே நின்றிருந்தார். எழுபது தாண்டியவர், நல்ல உயரம், குட்டையாக வெட்டிய வெள்ளை முடி, சிவப்புக் கண்ணாடி. கை குலுக்கிவிட்டு உள்ளே நுழைந்தால், கதவோரத்தில் குடைகள் செருகியிருந்த ஒரு தகரக் குழாய். அதை அவர் விரலால் தட்டிக் காட்டினார். ராக்கெட்டின் வெற்றுக் கூடு! ஐயோ, எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. குடைகளை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் குழாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

"அவாக்கு உங்களப் பிடிச்சிட்டுதாம். இவ்வளவு காலத்தில ஒருத்தரும் அதைத் தூக்கிப் பாக்கேல்லையாம்," என்றாள் வாசுகி.

ஹெல்கா ஜெர்மனில் சொல்வதை வாசுகி எனக்கு அவளுடைய தமிழில் சொல்லுவாள். அரை மணி நேரத்தில் ஹெல்கா எனக்கு யாழ்ப்பாணத்துக்காரியாகவே ஆகிவிட்டார்.

"நாங்கள் ஆறு பேர். கூட்டுப் பண்ணையின்ர செர்ரித் தோட்டத்தை ஆலங்கட்டியிலயிருந்து காப்பாத்த வேணும், அதுதான் வேலை. மேகம் மலைக்கு மேல வந்தவுடன ராடரில பாத்து, எந்தக் கோணத்தில சுடவேணும் எண்டு நான்தான் கணக்குப் போடுவன். ராக்கெட்டுக்குள்ள வெள்ளி அயோடைடு. மேகத்துக்குள்ள போய்ப் புகைஞ்சா, ஐஸ் எல்லாம் சின்னச் சின்னதாப் பிரிஞ்சு மழையா விழும் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை."

"விழுந்துச்சா?" என்றேன்.

"சில நாள் விழுந்தது. சில நாள் விழேல்லை. விழுந்தா எங்கட வெற்றி. விழாட்டி இயற்கையின்ர பிழை."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊரில் மழை இல்லாவிட்டால் கழுதைக்குக் கழுதையைக் கல்யாணம் செய்து வைப்போம், அங்கேயும் இதே கணக்குதான் என்று சொன்னேன். வாசுகி அதை மொழிபெயர்க்கவே திணறினாள். ஹெல்கா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்து, கழுதைக்குப் பூமாலை உண்டா, மாப்பிள்ளைக் கழுதைக்கு உடுப்பு என்ன என்றெல்லாம் கேட்டார். உருளைக்கிழங்கு சாலடும் ஊறப்போட்ட வெள்ளரிக்காயும் கொண்டுவந்து வைத்தார். வெள்ளரிக்காயில் இனிப்பும் புளிப்பும் சேர்ந்து ஒரு தினுசாக இருந்தாலும் நான் நாலு துண்டு சாப்பிட்டேன்.

கிளம்பும் நேரத்தில்தான் அவர் முகம் மாறியது. அதைத் தமிழில் சொல்லும்போது வாசுகியின் குரலும் இறங்கிவிட்டது.

ஹெல்காவுக்கு ஒரு அண்ணன், பெயர் டீட்டர். அப்போது மலையடியில் பண்ணையின் கன்றுத் தொழுவத்துக்கு அவர்தான் பொறுப்பு. ஒரு ஜூன் மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானத்தில் ஹெல்காவின் குழு மலை மேல் வந்த மேகத்தைச் சுட்டது. கிராமத்தில் வெறும் தூறல்தான். ஆனால் அன்று சாயங்காலம் மலைக்காட்டுக் குளம் உடைந்து, வெள்ளம் தொழுவத்துக்குள் புகுந்துவிட்டது. கன்றுகள் அத்தனையும் போயின. உன் ராக்கெட்தான் அந்த மழையைக் கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டுப் போன டீட்டர், அதன் பிறகு தங்கையோடு பேசவே இல்லை. பக்கத்து ஊரில்தான் இருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"ராக்கெட்டைப் பற்றி வெளியில கதைக்கக் கூடாதெண்டு அரசாங்கத்தில எங்களிட்டக் கையெழுத்து வாங்கினவை. மழைப் பதிவையும் பாக்க விடேல்லை. ஜெர்மனியைப் பிரிச்ச சுவர் விழுந்த பிறகு போய்ப் பாத்திருக்கலாம்தான். பயம். அந்தக் காட்டில ஒரு வனக்காவலர் மழைமானி வைச்சிருந்தவர். குளம் முதல் நாள் மழையிலயே நிரம்பினதோ, நாங்கள் சுட்ட பிறகு நிரம்பினதோ? நீங்கள் புத்தகத்துக்காக ஹம்பேர்க்கில அந்தப் பழைய பதிவுகளைப் பாக்கப் போறியளாமே. அந்த ஒரு பக்கத்தை மட்டும் பாத்துச் சொல்லுவீங்களோ எண்டு கேக்கிறா, அக்கா."

நான் குடைக் குழாய் மேல் கை வைத்துச் சத்தியமே செய்து கொடுத்தேன். எனக்கு இதெல்லாம் ரொம்பச் சீக்கிரம் வரும்.

புதனும் வியாழனும் ஹம்பேர்க். முதல் நாள் எஸ்-பான் என்கிற நகர ரயிலில் எதிர்த்திசையில் ஏறி, துறைமுகத்துக் கிரேன்களை எல்லாம் தரிசித்துவிட்டுத் திரும்பினேன். வாசுகி ஊர்லாப் எடுத்துக்கொண்டு என்னோடு வந்திருந்தாள். ஊர்லாப் என்றால் விடுப்பு; ஊருக்குப் போய் உலாவுவதற்குப் பொருத்தமான பெயர்தான். ரயிலடிக்குப் பக்கத்துக் கடையில் முருங்கைக்காயும் வெண்டைக்காயும் அடுக்கியிருந்தார்கள். எனக்கு அதை நின்று பார்க்கக்கூடப் பொறுமை இல்லை.

பழைய வானிலைப் பதிவுகள் வைத்திருந்த காப்பகத்தில், வனக்காவலரின் பதிவேட்டை வியாழன் மத்தியானம் கொண்டுவந்து வைத்தார்கள். என்ன எழுத்து! முத்து முத்தாக. தேதி, பக்கத்தில் ஒரே ஒரு எண், காலையில் அளந்த மழை. நான் முப்பது வருஷம் எழுதியதும் இதே மாதிரிப் பக்கங்கள்தான். பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஜூன் மாதத்துக்குப் புரட்டி, விரலை வைத்து இறக்கினேன். வெள்ளிக்கிழமைக்கு நேரே பூஜ்யம். சனிக்கிழமைக்கு நேரே அந்த மாதத்திலேயே பெரிய எண். ஞாயிறு மறுபடி பூஜ்யம்.

சனிக்கிழமை காலையில் அளந்த மழை! அப்படியென்றால் பெய்தது வெள்ளிக்கிழமை ராத்திரி. ராக்கெட் விட்டதோ சனி மத்தியானம். அதற்கு முன்பே குளம் நிரம்பி நின்றிருக்கிறது! "பெய்ஞ்சிருச்சு, முந்தியே பெய்ஞ்சிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மூன்று மேஜை தள்ளி இருந்தவர் பென்சிலைக் கீழே போட்டார். ஊழியர் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். நான் அவர் கையையும் பிடித்துக் குலுக்கினேன்.

பக்கத்தைப் படியெடுத்துக்கொண்டு வெளியே ஓடி, படிக்கட்டில் உட்கார்ந்தே ஹெல்காவுக்குப் போன் போட்டோம். வாசுகி சொல்லி முடித்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அழுறா," என்றாள் வாசுகி. அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

எனக்கு மட்டும் என்ன, நானும் அழுதேன். பிறகு இரண்டு பேரும் மீன் வைத்த ரொட்டி வாங்கித் தின்றோம். கடற்காகம் ஒன்று என் ரொட்டியில் பாதியைப் பறித்துக்கொண்டு போனது. போனால் போகிறது, கொண்டாட்டத்தில் அதற்கும் பங்கு என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஹெல்காவே கூப்பிட்டார். டீட்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாராம். அவர் கேட்டுவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருகிறேன்," என்று மட்டும் சொன்னாராம். நாங்களும் வந்தே ஆக வேண்டும், செர்ரி கேக் செய்கிறேன் என்றார்.

ஞாயிறு மத்தியானம் புறப்பட்ட ரயில், பாதி வழியில் ஒரு கோதுமை வயலுக்கு நடுவில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். தண்டவாளத்தில் கோளாறாம், அடுத்த நிலையம் வரைக்கும் மெதுவாக உருட்டிப் போய், அங்கிருந்து பஸ்ஸாம். அதற்கு ஜெர்மனில் ஒரு பெயர் சொன்னாள் வாசுகி. அந்தப் பெயரைச் சொல்லி முடிக்கிற நேரத்துக்கு நடந்தே போயிருக்கலாம். எங்கள் ஊர் ரயில் நின்றால் வேர்க்கடலையாவது வரும். இங்கே எல்லாரும் மூச்சுவிடாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பொழுது போகாமல் வாசுகி என் பையிலிருந்து அந்தப் படியை எடுத்து வைத்துக்கொண்டாள். பக்கத்தின் அடியில், எனக்குப் புரியாத பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததை முணுமுணுத்துப் படித்தாள்.

"அக்கா, இதில என்னவோ போட்டிருக்கு. காலமை ஏழு மணிக்கு அளக்கிற மழையை முதல் நாளுக்கு நேர எழுதவேணுமாம்."

"என்னது?"

"முதல் நாளுக்கு நேர. அண்டைக்கு இல்லை."

தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். நாங்கள் அளந்த நாளுக்கு நேரே எழுதுகிறவர்கள். இவர்கள் பெய்த நாளுக்கு நேரே எழுதுகிறவர்கள். இதைச் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முப்பது வருஷப் பழக்கம். கை பார்த்துவிட்டது, கண் பார்க்கவில்லை. சனிக்கிழமைக்கு நேரே இருந்த அந்தப் பெரிய எண், சனி காலையிலிருந்து ஞாயிறு காலை வரை பெய்த மழை. வெள்ளி ராத்திரி ஒரு சொட்டு இல்லை. அவர்கள் சுட்ட நாளின் மழைதான் குளத்தை உடைத்திருக்கிறது.

"முந்திரிக்கொட்டை! முந்திரிக்கொட்டை!" என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். எதிரே இருந்த பெண்மணி தண்ணீர் வேண்டுமா என்று பாட்டிலை நீட்டினார்.

வாசுகி விஷயம் விளங்கியதும் கைப்பேசியை எடுத்தாள். "போன் எடுத்துச் சொல்லவோ?"

"வேண்டாம். போன்ல சொல்லித்தான் கெடுத்தேன். நேர்ல சொல்றேன்."

நாங்கள் போய்ச் சேரும்போது நாலரை. ஹெல்கா வாசலுக்கே ஓடி வந்தார். கண் சிவந்திருந்தது, முகம் சிரித்தது. வாசுகியின் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று கொட்டினார். உள்ளே மேஜையருகே ஒரு பெரிய உருவம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது. அதுதான் டீட்டர்.

வாசுகி என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னாள்: "அக்கா, அண்ணன்காரன் வந்த உடனயே எல்லாத்தையும் சொல்லிப்போட்டாராம். அந்தக் குளத்துக்கு மடை இருந்ததாம். தண்ணி ஏறினா திறக்கிறது அவற்ற வேலையாம். அண்டைக்கு அவர் திறக்கேல்லை. மழை முதல் நாளே பெய்ததெண்டு கேட்டவுடன, இனி ராக்கெட்டில பழியைப் போட ஏலாதெண்டு தெரிஞ்சிட்டுதாம். முழு நாளும் குளம் நிரம்பி நிண்டிருக்கு, நான் போய்ப் பாக்கேல்லையே எண்டு அழுதவராம்."

கெட்டது குடி. என் தப்பான கணக்கை நம்பி அந்த மனுஷன் நாற்பது வருஷ ரகசியத்தை அவிழ்த்துவிட்டார். இப்போது நான் சரியான கணக்கைச் சொன்னால், பழி மறுபடி ராக்கெட்டுக்கே போய்விடும்.

"பேசாம இருங்கோ அக்கா," என்றாள் வாசுகி, தமிழில், உதட்டில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு. "கேக்கைச் சாப்பிட்டிட்டுப் போவம். ஆருக்குத் தெரியப் போகுது? அந்த மனுசி எவ்வளவு சந்தோசமா இருக்கிறா, பாருங்கோ."

ஆசையாகத்தான் இருந்தது. கேக் துண்டை என் தட்டில் வைத்துவிட்டு ஹெல்கா என் தோளை அழுத்தினார். மழைப் பதிவைப் பூட்டி வைத்த அரசாங்கங்களைப் பற்றித்தானே என் புத்தகம்? அந்த வரிசையில் நானும் போய் உட்காருவதா? அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சொல்லு வாசுகி. நான் தப்பாப் படிச்சிட்டேன்னு சொல்லு. மழை சனிக்கிழமைதான் பெய்ஞ்சுது. ஒரு வார்த்த விடாமச் சொல்லு."

அவள் சொன்னாள். அடியில் இருந்த பொடி எழுத்தையும் படித்துக் காட்டினாள். ஹெல்காவின் கை மேஜை மேலேயே நின்றது. நான் டீட்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டு, மேலிருந்து கீழே இரண்டு தரம் படித்தார். பிறகு அதைத் தங்கையின் பக்கம் நகர்த்திவிட்டு, என்னைப் பார்த்தே பேசினார்; வாசுகி தமிழில் சொன்னாள்.

"ராக்கெட் விட முன்னம் இவையள் எப்பவும் தொழுவத்துக்குப் போன் எடுத்துச் சொல்லுறவை. அண்டைக்கும் சொன்னவை. நான்தான் போனை எடுத்தனான். மடைச் சாவியைச் சட்டைப் பைக்குள்ள போட்டுக்கொண்டு ஃபுட்பால் பாக்கப் போயிட்டன். மழை எப்ப பெய்தாலும், சாவி என்னட்டத்தான் இருந்தது. அது இந்தத் தாளில இல்லை."

எழுந்து போய் அந்தப் பெரிய கையைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேக் தட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

ஹெல்கா இதையெல்லாம் பார்க்கவே இல்லை. அவர் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, சனிக்கிழமை வரிசையில் விரலை வைத்திருந்தார். விரலைப் பக்கத்து எண்ணுக்கு நகர்த்தி, மறுபடி நாளுக்குக் கொண்டுவந்தார். தலையைத் தூக்கியபோது அவர் முகத்தில் ஒரு இருபத்துநாலு வயதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். படபடவென்று ஏதோ கேட்டார்.

"நாங்கள் சுட்ட பிறகோ? இவ்வளவும் அண்டைக்கே பெய்ததோ எண்டு கேக்கிறா," என்றாள் வாசுகி.

"ஆமா. ஆனா, ராக்கெட்டாலதான் பெய்ஞ்சுதுன்னு சொல்ல முடியாது. சுடாட்டியும் பெய்ஞ்சிருக்கலாம். அது அன்னைக்கும் யாருக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாது. தெளிவாச் சொல்லிரு."

வாசுகி தெளிவாகவே சொன்னாள். ஹெல்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் அண்ணனின் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி ஏதோ கேட்டார். வாசுகிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

"அக்கா, விழுந்தா எங்கட வெற்றியாம்; இந்தத் தாளை வைச்சிருக்கலாமோ எண்டு கேக்கிறா. சட்டம் போட்டு மாட்டப் போறாவாம்."